பிரிக்காத உறைகள் என்று நம்பி வாங்கிய கடிகார உதிரிபாகங்கள்

பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. கடையை மூடிவிட்டு ஓய்வுபெற்ற கடிகாரப் பழுதுநீக்குநர் ஒருவரிடம் அவருடைய மிச்சச் சரக்கை மொத்தமாக வாங்கி ஏமாந்ததை, அதே ஆசையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாற்பது மூவ்மென்ட்டுகளும் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரங்கள்) ஒரு தகர டப்பா நிறைய உதிரிபாக உறைகளும் இருப்பதாகவும், உறைகள் பிரிக்கப்படாதவை, மூவ்மென்ட்டுகள் ஓடுபவை என்றும் அவர் தொலைபேசியில் உறுதி கூறினார். அவ்வளவு காலம் தொழில் செய்த பெரியவர், "தம்பி, எல்லாம் என் கையால் எடுத்து வைத்த சாமான்" என்று சொல்லும்போது மேற்கொண்டு கேள்வி கேட்க எனக்கு நா எழவில்லை. முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.

ஓடுவதற்குச் சான்றாக அவர் அனுப்பிய காணொளிகள் ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்கு மேல் இல்லை. அவற்றில் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம், ஆடியது உண்மைதான். ஆனால் மெயின்ஸ்பிரிங் (விசை தரும் சுருள்வில்) அறுந்துபோன மூவ்மென்ட்டைக்கூடக் கையிலெடுத்து லேசாக அசைத்தால் அந்தச் சக்கரம் சில விநாடிகள் ஆடிவிட்டுத்தான் நிற்கும் என்பதை, தெரிந்திருந்தும் அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. முழுச் சாவி கொடுத்த ஆரோக்கியமான மூவ்மென்ட், படுக்கை நிலையில் ஏறத்தாழ 270 முதல் 300 பாகை வரை வீசி ஆடும். நிமிர்த்திப் பிடித்தால் வீச்சு சற்றுக் குறையும். ஆகவே சாவி கொடுப்பதிலிருந்து தொடங்கி, படுக்கவைத்தும் நிமிர்த்தியும் ஒரு நிமிடமாவது ஓடுவதை இடைவெட்டு இல்லாமல் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். வந்து சேர்ந்த நாற்பதில் மூன்றுதான் ஓடின. எட்டில் பேலன்ஸே இல்லை.

உறைகளின் கதை இன்னும் மோசம். ஏ.எஸ். 1130 கேலிபருக்கான (கேலிபர் என்றால் மூவ்மென்ட்டின் மாதிரி வகை) பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது பேலன்ஸ் வீலின் அச்சு, என்று எழுதியிருந்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை லூப் என்னும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது ஒரு முனையின் பிவட் (அச்சு சுழலும் மெல்லிய நுனி) ஒடிந்திருந்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட அந்த முனை, வெறுங்கண்ணுக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலவே தெரியும். அடுத்தடுத்த உறைகளிலும் இதே நிலைதான். புதிய பாகத்தைப் பொருத்திவிட்டு, கழற்றிய பழையதை அதே உறையில் போட்டு வைப்பது இத்தொழிலில் பலருக்கும் உள்ள பழக்கம். அடுத்த முறை வாங்கும்போது மாதிரிக்கு ஆகும். அந்தப் பழக்கத்தில் எனக்குக் குறையில்லை. தன் கையாலேயே மாற்றிப் போட்டவற்றைப் பிரிக்காத உறை என்று விற்றதைத்தான் மோசடி என்கிறேன்.

மூவ்மென்ட்டுகளை அவர் அளவை மட்டும் சொல்லி விற்றிருந்தார். பதின்மூன்று லீன்யே (ஒரு லீன்யே சுமார் 2.256 மி.மீ.) என்பது விட்டத்தைச் சொல்லுமே தவிர, எந்த கேலிபர் என்பதைச் சொல்லாது, விட்டம் ஒத்துப்போகும் இரண்டு கேலிபர்களின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. கேலிபர் எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் பல சுவிஸ் மூவ்மென்ட்டுகளில் பேலன்ஸ் வீலுக்கு அடியில், அடித்தட்டின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தின் படத்தை நான் கேட்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், அடிக்கடி தேவைப்படும் பாகங்களை அவர் தொழில் செய்த காலத்திலேயே செலவழித்திருப்பார். மிச்சமாக நிற்பது யாருக்கும் வேண்டாத கேலிபர்களின் சாமானும், கழற்றிப் போட்ட கழிவும்தானே?

டப்பாவின் அடியில் பழைய டயல்களும் முட்களும் காகிதத்தில் சுற்றிக் கிடந்தன. சில முட்களில், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் பூச்சு பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒளிராத பூச்சு செத்த பூச்சு என்று எண்ணிவிடக் கூடாது. ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள் என்பதால், ஒளி போன பிறகும் கதிரியக்கம் போவதில்லை, அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை என்பதே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பழைய சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும், சார்" என்றார். விற்கும்வரை தம்பியாக இருந்தவன் அன்றைக்குச் சாராகிவிட்டேன். சென்ற வாரம் இதே ஆர்வமுள்ள நண்பர் ஒருவர், தனக்கு வந்த ஒரு படத்தைக் காட்டி, வாங்கலாமா என்று யோசனை கேட்டார். படத்தில் இருந்த, மூடியின் இடது மூலையில் நசுங்கிய அந்தத் தகர டப்பா, உறைகளோடு என் அலமாரியில் இருக்கிறது.