சொட்டுநீர் டைமர், மூன்றாவது கோடை: தீராத ஒரே தலைவலி

செடிகளுக்குக் குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் டைமரின் டயாஃப்ரத்தை, அதாவது வால்வை அடைக்கும் ரப்பர் தட்டை, மாற்றிய கையோடு எழுதுகிறேன். வால்வு மூடிய பிறகும் குழாயில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. தலைப்பகுதியின் நாலு திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் தட்டு வந்து உட்காரும் விளிம்பில் ஒரு மணல் துகள். அழுந்தி அழுந்தி ரப்பரில் கோடு விழுந்துவிட்டது. டைமருக்கு அடுத்ததாக ஃபில்டரைப் பொருத்தினால் தொட்டியில் தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பருக்குத்தான் பாதுகாப்பு, டைமருக்கு இல்லை. முன்னால் பொருத்தலாம், ஆனால் அங்கே ஃபில்டர் இரவும் பகலும் முழு பிரஷரில் நிற்கும், மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒருநாள் பிளந்துகொள்ளும். கெட்டியான கிண்ணம் கிடைத்தால் முன்னால் வையுங்கள். கிடைக்காவிட்டால் டைமரின் வாயில் இருக்கும் வட்ட வலையையாவது வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். அந்த வலையைத் தொலைத்துவிட்டு வெறும் வாஷரை மட்டும் போட்டு ஓட்டுவதுதான் டயாஃப்ரம் கெடுவதற்கு முதல் காரணம்.

சொட்டுநீர் செட் என்றால் என்ன, எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. 40 தொட்டிகள், 16 மி.மீ. கறுப்புக் குழாய் ஒன்று, அதிலிருந்து 4 மி.மீ. மைக்ரோ டியூப்கள், பிரஷர் கூடினாலும் குறைந்தாலும் மணிக்கு அதே 2 லிட்டர் விடும், பிரஷர் சமன்செய்யும் டிரிப்பர்கள் 54. 12 அங்குலத் தொட்டிக்கு ஒன்று, 14 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு. காலை 6 மணிக்கு 15 நிமிடம், மாலை 5.30-க்கு 15 நிமிடம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்பாராத நன்மை ரோஜாவில்தான். பூவாளியால் மேலிருந்து ஊற்றும்போது இலை நனைகிறது, மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் காய்வதில்லை. கரும்புள்ளி நோயின் வித்து முளைக்க இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும். சொட்டுநீரில் தண்ணீர் நேராக மண்ணுக்குப் போவதால் அந்த 7 மணி நேரம் கிடைப்பதே இல்லை. மூன்று கோடையாக அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டுவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. பூஞ்சணக்கொல்லி அடிக்கும் வேலை அநேகமாக நின்றேவிட்டது. செம்பருத்தியில் இன்னொரு லாபம். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் செம்பருத்தி மொட்டை உதிர்த்துவிடும். தினமும் அதே நேரம் அதே அளவு கிடைத்தால் மொட்டு நிற்கிறது. இதற்காக மட்டுமே வாங்கலாம் என்று இரண்டு கோடையாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

இனி தலைவலி. டிரிப்பர் அடைத்துக்கொள்கிறது. அடைப்பதுகூடப் பரவாயில்லை, சத்தமில்லாமல் அடைக்கிறது என்பதுதான் எரிச்சல். டைமர் சரியாக 6 மணிக்குக் கிளிக் என்று திறக்கும், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், பக்கத்துத் தொட்டிகள் நனையும். அந்த ஒரு தொட்டி மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். மேலே மூடாக்கு போட்டிருந்தால் மண் தெரியாது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ செடி தலை தொங்கும்போதுதான் தெரியும். கோடையில் நாலு நாள் என்பது சிறு தொட்டியில் இருக்கும் செடியின் உயிருக்கே போதுமானது. கையால் ஊற்றுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒவ்வொரு தொட்டியையும் தினமும் பார்த்துத்தான் ஊற்றுகிறார்.

ஏன் அடைக்கிறது? உப்புத் தண்ணீர்தான் பெரும் காரணம். கடினத்தன்மை உள்ள நீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு ஏற ஏறச் சுண்ணாம்பாகப் படியும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய்க்குள் தண்ணீர் கொதிக்காத குறைதான். போதாததற்கு, வால்வு மூடிய பிறகு டிரிப்பரின் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டு அங்கேயே காய்கிறது, உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் கோடை பாதி போவதற்குள் துளை சுருங்கிவிடும். திறக்கும் வகை டிரிப்பர் ஒன்று அடைபட்டதும் திறந்து பார்த்தால் விளங்கும்: மேல் மூடிக்கு அடியில் காசு அளவு சிலிக்கோன் ரப்பர் தகடு, அதன் கீழே வளைந்து வளைந்து போகும் மெல்லிய வாய்க்கால். அந்த வாய்க்காலின் கடைசி வளைவில் பல்லில் காறை பிடித்ததுபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக வரும்.

இரண்டாவது காரணம் மண். டிரிப்பரை மண்ணில் புதைத்து வைத்தால், வால்வு மூடும் நொடியில் தாழ்வான இடத்துக் குழாய் தண்ணீரை இழுத்துக்கொள்ள, மேட்டில் இருக்கும் டிரிப்பர்கள் சேற்றை உள்ளே உறிஞ்சும். மண்ணுக்கு மேல் 2 செ.மீ.யாவது தூக்கி, குச்சியில் நிறுத்த வேண்டும். மூன்றாவது பாசி. வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை மைக்ரோ டியூப் வாங்கவே கூடாது. உள்ளே பச்சை பிடிக்கும். எறும்பும் உண்டு, ஆனால் அபூர்வம்.

கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, கப் வைத்து அளப்பது. டிரிப்பர்களின் கீழே ஒரே அளவுள்ள கப்புகளை வையுங்கள், 15 நிமிடம் ஓடவிடுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 500 மி.லி. இருக்க வேண்டும். 450-க்கு மேல் என்றால் விட்டுவிடலாம். 400-க்குக் கீழே இறங்கியதை அப்போதே கழற்றிவிடுங்கள், தானாகச் சரியாகாது. 600-க்கு மேல் வந்தால் அதுவும் கோளாறுதான், சிலிக்கோன் தகடு கிழிந்திருக்கும் அல்லது மூடி சரியாக அமரவில்லை. 54 டிரிப்பருக்கும் ஒரே நாளில் அளக்க முடியாது. நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று பிரித்துக்கொண்டால் ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். கோடை தொடங்கும்போது ஒரு சுற்று, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று.

கழற்றியதை வினிகரில் ஓர் இரவு ஊற வையுங்கள். வினிகர் இல்லையென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போதும். நுரை எழுந்து அடங்கினால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். திறக்கும் வகையென்றால் காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஓடும் நீரில் அலசி, தகட்டை அதே பக்கமாக வைத்து மூட வேண்டும். ஊசியால் குத்தாதீர்கள். தண்ணீர் வரும், ஆனால் வாய்க்காலின் அளவு மாறிவிடும், அந்த டிரிப்பர் அதற்குப் பிறகு சொன்ன அளவு விடவே விடாது. வினிகரில் ஊறும் பாத்திரத்தில் பாசிக்காக பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது ஆபத்து.

என்னுடைய கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். செட்டோடு வந்த டிரிப்பர்கள் ஒட்டி மூடிய வகை, திறக்கவே முடியாது. ஊற வைத்தால் பாதி திரும்ப வருகிறது, பாதி குப்பைக்குப் போகிறது. கைக்கடக்கமான விலையில் விற்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் திறக்கும் வகைக்கும் திறக்காத வகைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றிருக்கும்போது ஏன் இதைப் போட்டு அனுப்ப வேண்டும்? வருடா வருடம் செடி சாவது இந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடியால்தான்.

குழாயின் கடைசியில் இருக்கும் எண்ட் கேப்பை வாரம் ஒருமுறை திறந்து ஒரு நிமிடம் வேகமாக ஓடவிட்டால் அடைப்பு பாதியாகக் குறையும். முதலில் வரும் கலங்கல் நீரின் நிறத்தைப் பார்த்தால் போதும், அது செய்யும் வேலை புரிந்துவிடும். 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை) ஃபில்டரை அதே நாளில் கழுவிவிடுங்கள். குழாயை வெயிலில் நேரடியாகக் கிடத்தாமல் தொட்டிகளின் நிழல் பக்கமாகக் கொண்டுபோனால் சுண்ணாம்பு படிவதும் குறைகிறது. உரத்தை இந்தக் குழாய் வழியாக விடுவதாக இருந்தால் கால்சியம் நைட்ரேட்டை சல்ஃபேட், பாஸ்பேட் உரங்களோடு கலக்கவே கூடாது. குழாய்க்குள்ளேயே கட்டியாகிப் படியும். நான் குழாயில் உரம் விடுவதையே நிறுத்திவிட்டேன், கையால் தனியாக ஊற்றுவது நிம்மதி.

இந்த இயந்திரம் செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். இலை நனையாததால் கரும்புள்ளி போனது, அதே காரணத்தால் சிவப்புச் சிலந்திப் பேன் வந்தது. சூடும் வறட்சியும் தூசியும் அதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரமே ஆகும். இலையின் மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் பேன்தான். வாரம் இரண்டு முறை காலையில் இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும், கரும்புள்ளிக்கும் இடம் கிடைக்காது. மீறிப் போனால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். கந்தகத்தூளைக் கோடையில் தொடவே வேண்டாம்.

இன்னொன்று உப்பு. சொட்டுநீர் எப்போதும் ஒரே இடத்தை நனைப்பதால், ஈரம் முடியும் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். மாதம் ஒருமுறை பூவாளியால் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தொட்டி மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். அடைபட்ட டிரிப்பரைச் சரிசெய்த பிறகும் செடி தேறாமல் இருந்தால் இதுதான் விஷயம். தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள், குமிழி நின்றதும் எடுங்கள்.

கோடைத் தொடக்கத்தின் மற்ற வேலைகளை இதோடு பொருத்திக்கொள்வது எளிது. மூடாக்கு 5 செ.மீ. உயரம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி. டிரிப்பர் மூடாக்குக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதில் சமரசம் கூடாது. ரோஜாவில் வாடிய பூவை, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுள்ள முதல் ஐந்திலைக் காம்புக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள், அடுத்த பூ ஆறு வாரத்தில். பெரிய கவாத்து இப்போது வேண்டாம், இலை நிழல் போனால் தண்டு வெயிலில் வெந்துவிடும். மல்லியில் ஒவ்வொரு அலை பூத்து முடிந்ததும் நுனியை இரண்டு கணு கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும், அதில்தான் அடுத்த மொட்டு. ஜினியா, செண்டுப்பூ நாற்றுக்கு நாலு ஜோடி இலை வந்ததும் நுனி கிள்ளலாம். உரம் எதுவானாலும் ஈர மண்ணில்தான்.

டேபிள் ரோஸ், அடீனியம் இரண்டையும் இந்தக் குழாயில் சேர்க்காதீர்கள். ஒரே டைமர், ஒரே நேரம். ரோஜாவுக்குச் சரியான அளவு இவற்றின் வேரை அழுக வைத்துவிடும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் பிரஷர். ஒரு மாடி உயரத்தில் 0.3 பார்தான் கிடைக்கும். சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வால்வு டைமர் அதில் ஒழுங்காகத் திறக்காது, பிரஷர் சமன்செய்யும் டிரிப்பரும் சமன் செய்யாது. உங்களுக்கு பால் வால்வு (ball valve, துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வகை) டைமரும் சாதாரண டிரிப்பரும்தான் சரி. பேட்டரி விஷயத்தில் எந்த வகையானாலும் கஞ்சத்தனம் வேண்டாம். வால்வு திறந்திருக்கும்போது சார்ஜ் தீர்ந்தால், பல மாடல்களில் அது திறந்தபடியே நின்றுவிடும். காட்டி பாதிக்கு இறங்கியதுமே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரோஜா நன்றாக இருக்கிறது, செம்பருத்தி மொட்டு உதிர்க்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் தண்ணீர் ஊற்றும் நேரம் மிச்சமானது முழுக்க டிரிப்பர் கழுவுவதில் போகிறது, அப்படியும் இந்தக் கோடையில் இரண்டு செடிகள் காய்ந்துவிட்டன. இருபது தொட்டிக்குக் கீழே என்றால் பூவாளியே போதும், காலையில் கால் மணி நேர வேலை. அதற்கு மேல் இருக்கிறது, ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது என்றால் முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு வராத தண்ணீர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். படிவு வருகிறது என்றால், செட்டோடு வரும் டிரிப்பர்களை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, திறந்து மூடும் வகையைத் தனியாக வாங்கிப் பொருத்துங்கள்; பத்து டிரிப்பர், ஒரு டயாஃப்ரம், இரண்டு வலை வாஷர் உபரியாகக் கையில் இருக்கட்டும்.