பின்பக்கக் கம்பியோடு குடித்தனம்

"அண்ணே, பாப்பாவுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு, அதை மூடணும். உங்களுக்குக் கம்பி போட்டது நல்லா இருக்கா? ஒரே நாள்ல ஏதோ ஒட்டி மூடிடலாம்னு வேற சொல்றாங்க. எது போடலாம்?" என்று பழைய சகா ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டார். மூடிய பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டேனர் கம்பி பிய்ந்துபோக, அதை ஈப்போவில் மறுபடி ஒட்டிக்கொண்டு, செம்மோர் பழைய சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, அப்போதுதான் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்திருந்தேன். எழுதுவதில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் அதுதான் காரணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சந்தில் தீக்குச்சி தாராளமாக நுழையும். பல்லை நகர்த்தும் பிரேசஸ் கம்பி போட்டு, முன்பணம் போக மாதாமாதம் 150 வெள்ளி கட்டி, ஒருவழியாக மூடியது. இரண்டு பல்லும் இப்போது ஒழுங்காக ஒட்டி நிற்கின்றன. ஆனால் நான் எதிர்பார்க்காத லாபம் வேறு. எனக்கு எஸ்டேட் ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது 'ஸ' வரும் இடத்தில் எல்லாம் சந்து வழியாக விசில் கிளம்பும். செம்பனைக் குலை வெட்ட வந்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். பல் மூடியது, விசில் நின்றது. அழகுக்காகச் செய்துகொண்டேன் என்று ஊரில் பேச்சு. பேசட்டும். பல் சந்து அதிர்ஷ்டம், மூடாதே என்று தடுத்த அத்தைக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சந்து இருந்த காலத்திலும் எனக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்ததில்லை.

இனி கம்பி. முன்னால் தெரிகிற பிரேசஸ் கம்பியை நான் சொல்லவில்லை, அதைத்தான் கழற்றிவிடுகிறார்களே. பல்லின் பின்பக்கம் நூல் மாதிரி ஒரு கம்பியை ஒட்டிவிடுகிறார்கள், அதைச் சொல்கிறேன். நகர்த்திய பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஈறுக்குள் இருக்கும் நார்கள் இழுபட்டு, பழையபடி இழுக்கும். நடுப்பல் சந்து இதில் பேர்போனது. அதனால் ரிட்டேனர் ஆயுசுக்கும் வேண்டும். டாக்டர் இதைச் சொல்லாமல் இல்லை, சொன்னார். கையெழுத்துப் போடும் நேரத்தில், பார்க்கிங் டிக்கெட் முடியப் போகிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக் குழாயடிக்கு வந்து பாருங்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் சாதாரண ஃப்ளோஸ் நூல் இதற்கு ஆகாது, கம்பி குறுக்கே நிற்கும். ஒரு முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் இருக்கும் தனி நூல் வேண்டும். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். அதைப் பார்த்தபடி அந்த விறைப்பு முனையைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, மறுபக்கம் விரலால் பிடித்து இழுத்து, ஈறு வரை தேய்த்து, அடுத்த சந்துக்குப் போக வேண்டும். கங்கோங் கீரை சாப்பிட்ட நாளில் பச்சையாக ஒரு இழை வரும். மாம்பழ நார் வரவே வராது. அது பாட்டுக்கு அங்கேயே கிடந்து, நாக்கு போய்ப் போய் அதைத் தேடும். கீழ்வரிசைக் கம்பியில் காரை படிகிற வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தக் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கைச் செய்யாமல் தள்ளிப்போட்டால் ஈறு வீங்குகிறது. அந்த நூலும் நம்ம ஊர் மருந்துக் கடையில் கிடைப்பதில்லை.

இந்த முறை பிய்ந்ததே எனக்குத் தெரியாது. வலி கிடையாது, கம்பி கையோடு வரவும் இல்லை. ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தது. நூல் எப்போதும் நடுப்பற்களுக்கு இடையில் 'டக்'கென்று இறுகி இறங்கும். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதற்குள் மயிரிழை அளவு சந்து விட்டிருந்தது.

சரி, பாப்பா விஷயம். சந்து சின்னதாக இருந்தால் அந்த ஒட்டுகிற முறையே போதும். காம்போசிட் என்பார்கள். பல்லின் மேல்பரப்பைக் கொஞ்சம் அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கி, பிசினை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கால் இறுக்கி, மெருகு போடுவார்கள். பெரும்பாலும் மரப்பு ஊசிகூட வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். உடைந்தால் மேலேயே பூசலாம். ஆனால் தேத்தண்ணியும் மஞ்சளும் அதில் கறையாக ஏறும், சில வருடத்தில் மறுபடி போய் நிற்க வேண்டும். எனக்கு ஏன் அது ஆகவில்லை என்றால், என் சந்து அகலம். ஒட்டி மூடினால் இரண்டு பல்லும் முறம் அளவுக்குத் தெரியும் என்றார்கள். பல்லின் முன்பக்கம் மெல்லிய ஓடு ஒட்டும் வெனீர் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் யோசிக்கச் சொல்லுங்கள். பல்லைச் சீவித்தான் பெரும்பாலும் ஒட்டுகிறார்கள், சீவின எனாமல் திரும்ப முளைக்காது. பல்லை நகர்த்த, கண்ணாடி மாதிரி தெளிவான உறையாகக் கழற்றி மாட்டும் அலைனர் நல்லதுதான், ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போடுகிறவர்களுக்கு. நம் வீட்டில் பசியாறுவதும் தேத்தண்ணியும் பலகாரமும் ஓயாது, கழற்றி வைத்த இடமே மறந்துபோகும்.

சந்து சின்ன வயசிலிருந்தே உள்ளதா, இப்போது புதிதாக விழுந்ததா என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் புதிதாகச் சந்து விழுந்தால் ஈறு நோயாக இருக்கலாம். முதலில் அதைக் காட்ட வேண்டும், அழகு அப்புறம். பாப்பா பத்து வயசுப் பிள்ளையாக இருந்தால் சும்மா விடச் சொல்லியிருப்பேன். கோரைப்பல் 11, 12 வயசில் இறங்கும்போது பலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். அரசாங்கப் பல் கிளினிக்கில் செலவு குறைவு, ஆனால் அழகுக்கு என்றால் வரிசையில் கடைசி. அதற்காக வீட்டுக்கே வந்து மலிவாகக் கம்பி மாட்டுகிறவர்களிடம் போகவே வேண்டாம். மலேசியாவின் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். யூடியூப் பார்த்து ரப்பர் பேண்டு மாட்டுவது அதைவிட மோசம். அது ஈறுக்குள் ஏறிப் பல்லையே விழவைக்கும்.

எனக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் போடுவேனா? மாட்டேன். விசிலோடே பெரட்டு நடத்திவிட்டுப் போவேன். ஆனால் ஈப்போ டாக்டர் "இவ்வளவு தொந்தரவு என்றால் கம்பியை எடுத்துவிடட்டுமா, ராத்திரிக்குக் கழற்றி மாட்டுகிற ரிட்டேனர் தருகிறேன்" என்று கேட்டபோது வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் நான்தான். சந்து சின்னதென்றால் பாப்பாவுக்கு ஒட்டுவதே போதும் என்று சகாவுக்குப் பதில் போட்டுவிட்டேன். ஈப்போவுக்குப் போகும்போது எனக்கு அந்த விறைப்பு முனை நூலில் நாலு பாக்கெட் வாங்கி வரவும் சொல்லியிருக்கிறேன்.