2,000 மணி நேரமா, 12 ஆண்டா? சிறு விமான என்ஜினுக்கு எந்த ஓவர்ஹால்

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்திலோ பினாங்கின் பாயான் லெப்பாஸிலோ நிற்கும் செஸ்னா 172 சிறு விமானத்தின் என்ஜினுக்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) எப்போது என்றால், பலரும் மணிக்கணக்கைத்தான் சொல்வார்கள். லைகமிங் நிறுவனத்தின் ஓ-320, ஓ-360 என்ஜின் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது 2,000 மணி நேரம். நம் ஊருக்கு அதைவிட முக்கியமானது லைகமிங்கின் மற்றொரு பரிந்துரை: மணி நிறையாவிட்டாலும் 12-ஆம் ஆண்டில் ஓவர்ஹால்.

காரணம், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். லைகமிங்கில் அது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்துவிடும். பினாங்கின் ஈரக்காற்று துருவை ஏற்றிவிடும். துருக்குழி விழுந்த கேம், தான் தள்ளும் டேப்பெட்டின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்புகளுக்கிடையே மினுமினுப்பு தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கான்டினென்டல் நிறுவனத்தின் ஓ-200 என்ஜினில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தரையில் பத்து நிமிடம் ஓட்டி வைப்பது கெடுதலே: எண்ணெய் போதிய சூடேறாது, ஈரம் உள்ளேயே தங்கும். ஒரு மணி நேரமாவது பறந்து, எண்ணெயை 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோக வேண்டும்.

ஓவர்ஹால் நாள் வந்தால் சொந்த என்ஜினையே பிரித்துச் செய்வது ஒரு வழி. அதன் வரலாறு கையில் இருக்கும். ஆனால் கிராங்க்கேஸில் (என்ஜினின் வெளிக்கூட்டில்) விரிசல் கண்டால் செலவும் காத்திருப்பும் எகிறும். பட்டறையிடம் முதலில் கேட்க வேண்டியது: பாகங்களைப் புதிய அளவுக்குக் கொண்டுவருவீர்களா, சர்வீஸ் லிமிட்டுக்குள் (தேய்மானத்துக்கு அனுமதித்த எல்லைக்குள்) இருந்தால் அப்படியே விடுவீர்களா? லிமிட்டின் விளிம்பில் இருக்கும் பாகம் தாளில் தேறும், இன்னொரு 2,000 மணி தாங்குமா என்பது வேறு. கேமும் டேப்பெட்டும் புதிதாகவே போடுங்கள்.

பழையதைக் கொடுத்துத் தொழிற்சாலை ஓவர்ஹால் என்ஜினை மாற்றிக்கொண்டால் விமானம் நிற்கும் நாள் குறையும். பயிற்சிப் பள்ளிக்கு இதுவே மேல். கொடுத்த என்ஜின் தேறாவிட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள். மூன்றாவது வழி, புதிய அளவுக்கே கட்டித் தரும் ரீபில்ட் என்ஜின்; அதன் லாக்புக் (ஓடிய மணிக்கணக்கு ஏடு) பூஜ்யத்தில் தொடங்கும். தயாரிப்பாளரோ அவர் அங்கீகரித்தவரோ மட்டுமே அப்படித் தரமுடியும். புதிய அளவுக்குள் வரும் பழைய பாகங்களும் அதில் இருக்கலாம்.

சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில், 80-க்கு 60-க்கும் கீழே போன ஒற்றைச் சிலிண்டருக்காக முழு என்ஜினையும் கழற்றாதீர்கள். காதை வையுங்கள்: எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் வால்வு, ஆயில் ஊற்றும் குழாயில் சீறினால் ரிங்.