“இன்னா, குரூப்ல இல்லியா?” – கீபேட் போன் வாங்கப்போகிறவர்களுக்கு

வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டா எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கியவரை ஊர் சும்மா விடாது. டென்த் பேட்ச் குரூப், தெரு குரூப், பிள்ளையின் வகுப்பு குரூப் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். “போட்டோ போட்ருந்தேனே, பாக்கலியா?” என்று கேட்பவரிடம் கொள்கை பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். பட்டன் போனை எடுத்துக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று. ஆனால் கண்ணில் பட்டதை வாங்கிவந்தால் ஒரே வாரத்தில் டச் போனுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

சென்னை பர்மா பஜாரில் வாங்கினாலும் பெரம்பூரில் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது 4ஜியா, 2ஜியா என்பதை. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. பழைய 2ஜி செட்டில் அந்த சிம்மைப் போட்டால் சிக்னல் கோடு வராது. அதே சமயம் 4ஜி கீபேட் எல்லாமே இந்த ஆப்கள் இல்லாமல் சுத்தம் என்றும் நம்ப வேண்டாம். ஜியோபோனில் 2018லேயே பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்துவிட்டன. கடையிலேயே மெனுவைக் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். கவுண்டரை விட்டு நகருமுன் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு செட்டுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியில் உள்ளதோடும் பேட்டரிக்கு அடியில் ஒட்டியுள்ளதோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆங்கில எழுத்தில் கேஒய்எம், ஓர் இடைவெளி, அந்த எண் என அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் செட்டின் விவரம் பதிலாக வரும்.

பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது, வேண்டாம். சிம் விஷயத்திலும் கவனம் தேவை. பல கீபேட் செட்டுகளில் இன்னும் பெரிய சிம்முக்கான பள்ளம்தான். நானோ சிம்மை பிளாஸ்டிக் அடாப்டரில் வைத்துத் தள்ளுகிறோம். வெளியே இழுக்கும்போது நானோ சிம் நழுவிவிட்டால், அடாப்டரின் வெறும் சட்டம் உள்ளிருக்கும் பின்னில் மாட்டி, பின்னையே வளைத்துவிடும். அடாப்டருக்குப் பின்னால் மெல்லிய செலோடேப் ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. சிம்மை மாற்றிவிட்டால் வாட்ஸ்அப் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போகாது. பழைய செட்டில் வைஃபை கிடைத்தால் சிம் இல்லாமலேயே ஓடக்கூடும். அந்த செட்டை அணைத்து வைத்தாலோ, குரூப்பில் பெயர் அப்படியே இருக்க, அனுப்பியவருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கும். “அனுப்பினேன், பதிலே போடலை” என்று மனஸ்தாபம் முளைப்பது இங்கேதான். சிம்மைக் கழற்றுமுன் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் கணக்கையே அழித்துவிடுங்கள். பேஸ்புக்கும் இன்ஸ்டாவும் அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் காத்திருக்கும். அதற்குள் “சும்மா ஒரு தடவை” உள்ளே போனால், போட்ட மனுவை ரத்து செய்யலாமா என்று கேட்கும்.

இனி எஸ்எம்எஸ்தான் வழி. ஆங்கில எழுத்தில் 160 இடம், தமிழில் 70தான். புள்ளிக்கும் கொம்புக்கும் தனி இடம் போகும்; ‘வணக்கம்’ ஏழு இடத்தைப் பிடிக்கும். ஏழெட்டுச் சொல்லில் முடிக்கத் தெரிய வேண்டும். நீண்டால் அது இரண்டு எஸ்எம்எஸ் கணக்கு. இன்பாக்ஸ் நிரம்பிவிட்டால் புதிது உள்ளே வராது, பேங்க் ஓடிபியும் சேர்த்துத்தான். கடை விளம்பரங்களை வாராவாரம் அழியுங்கள். 1909இல், விளம்பரத் தொல்லையைத் தடுக்கும் டிஎன்டி பதிவும் செய்துவிடுங்கள். நெட் இல்லாத ரீசார்ஜும் கிடைக்கிறது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயமாக்கிய பிறகு பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்குகள் வந்தன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. காசிமேட்டில் மீன் வாங்கக்கூட கியூஆர் அட்டையை நீட்டுகிறார்கள். நெட் இல்லாமலேயே *99# அடித்துப் பணம் அனுப்பலாம்தான், பின்னால் நிற்பவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். சில்லறை வைத்திருப்பதே மேல். விம்கோ நகர் மெட்ரோவுக்கு சிங்கார சென்னை கார்டு போதும். பள்ளி அறிவிப்புக்கு, அதே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவரிடம் “எதுனா வந்தா ஒரு போன் போட்ருங்கக்கா” என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மழைக்காலம்தான் சிக்கல். புளியந்தோப்பில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்பதெல்லாம் குரூப்பில்தான் முதலில் வரும். மாநகராட்சியின் புகார் எண் 1913ஐ ஸ்பீட் டயலில் போட்டுவையுங்கள். அடைமழை நாளில் லைன் கிடைக்க நாலைந்து முறை அடிக்க வேண்டிவரும்.