கீலைக் கழற்றிப் பார்க்காமல் பழைய பாய்ப்படகு வாங்காதீர்கள்

போன ஐப்பசியில் 7,20,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். அதில் 60,000 ரூபாய் பயிற்சிக் கட்டணம். லாரி வாடகை 45,000 தனி. மாசியில் அதே படகு தொண்டிப் பக்கத்து நம்புதாளைக் கரைக்கு எதிரே என்னையும் என் மைத்துனனையும் வைத்துக்கொண்டு தண்ணீர் ஏற ஆரம்பித்தது. இன்று அது மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், மைத்துனனின் லேத் பட்டறைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கிறது. என் வலது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது. இதை இடது கையால், நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன்.

விற்றவர் கொச்சிப் பக்கத்து வியாபாரி. பழைய படகுகளை வாங்கிப் பெயின்ட் அடித்து விற்பதுதான் தொழில். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. அவர் எதையெல்லாம் மறைத்தார், நான் எங்கெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். இதே மாதிரிப் படகுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர் ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்காக இது.

மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் தொண்டிதான் பக்கம். கொச்சியில் கிளம்பும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரை, சிவகங்கை வழியாகப் போய் முடிகிற இடம் அது. அங்கே பாக் விரிகுடா ஆழமில்லாதது. கரையிலிருந்து ரொம்ப தூரம் இடுப்பளவு, கழுத்தளவுதான். கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த தகடு, நிலையாகப் பொருத்திய படகு அங்கே தரைதட்டிவிடும். அதனால்தான் கீலைத் தூக்கி இறக்கும் படகாகத் தேடினேன். கிடைத்தது கேட்டலினா 22, அமெரிக்காவில் 1970 வாக்கில் வந்த 22 அடி ரகம். ரகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டி ஓட்டிய படகு.

இதன் கீல் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு. மொத்தப் படகின் எடையில் கிட்டத்தட்டக் கால்வாசி. நம் ஊரில் கீல் என்றால் கதவுக் கீல். இந்தப் படகில் இரண்டு பொருளும் ஒட்டி வரும்: அத்தனை இரும்பும் ஓர் அங்குலக் கனமுள்ள ஒற்றைப் ‘பின்’னில், அதாவது குறுக்கே செருகிய உலோகத் தண்டில், கதவு மாதிரி ஆடுகிறது. உள்ளே ஒரு வின்ச். சுற்றினால் கம்பிவடம் கீலை இழுத்து அடிவயிற்றோடு சேர்க்கும், அப்போது படகுக்கு இரண்டடித் தண்ணீர் போதும். முழுக்க இறக்கினால் ஐந்தடி வேண்டும். பாய் விரித்து ஓட்டும்போது இறக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் படகு வழுக்கிப் போகும், சாய்ந்தால் நிமிர்த்த எடையும் கீழே இருக்காது.

இதை நம்புதாளைப் பெரியவர் ஒருவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். எழுபது வயதுக்கு மேல், வத்தை என்ற நாட்டுப் படகில் பாய் கட்டி ஓட்டியே வாழ்ந்தவர். “நாங்க பலகையை வெளிய நீட்டி அதுல ஆளை உக்கார வச்சுச் சரிக்கட்டுவோம் தம்பி. உங்க போட்டுக்கு அந்த ஆளு கீழ தொங்குற இரும்பு. ஆளு சரியில்லேன்னா பாயை அவுக்கப்படாது” என்றார். படகு வாங்குவதற்கு முன்னால் இவரைப் பார்க்காமல் போனேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

கொச்சியில் படகு டிரெய்லர் மேல் நின்றது. கீல் மேலே தூக்கியபடி, அடியெல்லாம் புதுச் சிவப்புப் பெயின்ட். இறக்கிக் காட்டச் சொன்னேன். “டிரெய்லர்ல இறக்க முடியாது சார், தண்ணில போடும்போது பாத்துக்கலாம்” என்றார். நம்பினேன். டிரெய்லரில் இருக்கும்போது முழுக்க இறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கிரேன் பட்டையில் படகைத் தூக்கிப் பிடித்தால் அரை மணி நேர வேலை. அந்தக் கிரேன் வாடகையை நானே கொடுத்திருந்தால்கூட படகுக்கு மட்டும் கொடுத்த 6,60,000 ரூபாயாவது இன்று கையில் இருந்திருக்கும்.

வருஷத்தையும் பொய்யாகச் சொன்னார். 1996 மாடல் என்று ரசீதிலேயே எழுதினார். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளின் பின்பலகையில், வலது மேல்மூலைப் பக்கம், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அடையாளம் பதித்திருக்கும். 1984க்குப் பிந்தையவற்றில் கடைசி இரண்டு எண் மாடல் வருஷம். அதற்கு முந்தைய ஒரு முறையில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து வருஷமும் வரும். என் படகில் அந்த இடத்தில் பெயின்ட் கெட்டியாக இருந்தது. கப்பலூரில் மைத்துனன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். எம், ஏழு, எட்டு. பதினெட்டு வருஷம் கூடுதல் வயதான படகு.

மேல்தளத்தையும் தட்டிப் பார்க்கவில்லை. பானை வாங்கும்போதுகூட நாம் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஃபைபர் தளத்தின் நடுவே மரப்பலகை வைத்திருப்பார்கள். திருகு துளை வழியே தண்ணீர் இறங்கினால் அது ஊறி உளுத்துவிடும். நல்ல இடத்தில் சுத்தியல் பிடியால் தட்டினால் ‘டக்’கென்று கேட்கும், ஊறிய இடத்தில் மத்தளம் கிழிந்த மாதிரி ‘பொத்’தென்று கேட்கும். பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி எனக்கு ‘பொத்’ தான்.

ஐந்து நாள் பயிற்சி என்று பணம் வாங்கினாரே, அதற்கு வந்தது ஒரு பையன். கார்த்திகையில் ஒரு நாள் காலை பத்தரைக்கு வந்தான், இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவனுக்கே தெரிந்தது அவ்வளவுதான். பாய்மரம் 25 அடி அலுமினியம். டிரெய்லர் மேல் படகு நிற்கும்போது உச்சி முப்பதடியைத் தொடும். மேலே பார்க்காமல் முன்கம்பியை இழுத்துத் தூக்க ஆரம்பித்தான். பட்டறை முன்னால் மின்கம்பி போகிறது. “மாமா, விடுங்க! கையை எடுங்க!” என்று மைத்துனன் கத்திய கத்து எனக்கு இப்போதும் கேட்கிறது. கம்பிக்கும் மரத்துக்கும் நாலடி இருந்திருக்கும். பாய்மரம் தூக்குவதற்கு முன்னால் அண்ணாந்து பார்ப்பதும், தூக்கிய பிறகு டிரெய்லரை நகர்த்தாமல் இருப்பதும் எந்தப் பயிற்சியிலும் முதல் பாடமாக இருக்க வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மரத்தை நிறுத்திப் பிடிப்பவை எட்டுக் கம்பிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு மூன்று. 19 இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி, முனையில் அழுத்திப் பொருத்திய குமிழ், கீழே கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள், அது கழன்று வராமல் பிளவு ஊசி. இதுதான் முறை. என் படகில் பக்கக் கம்பிகளில் இரண்டு கால்வனைஸ் வடம், யு கிளாம்ப் போட்டு முடுக்கியது. ஒரு டர்ன்பக்கிளிலும் ஊசி இல்லை. பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது கெணத்து வாளிக்குக் கட்டுற வடம்ல” என்றார். காற்று குறைவான நாளாகப் பார்த்து, தன் வத்தை கூடவே வர, கொஞ்ச தூரம் மட்டும் போகலாம் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். ஆஞ்சான் கயிற்றை எப்படி இழுத்துப் பாய் ஏற்றுவது, பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான் கயிற்றை எப்போது இளக்குவது என்று கரையிலேயே ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். 60,000 ரூபாய்க்குக் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

அன்று காலை படகு நகர்ந்த நகர்வு இருக்கிறதே, அதை மறைக்க மாட்டேன். பாய் காற்றைப் பிடித்ததும் எந்தச் சத்தமும் இல்லாமல் தண்ணீர் பின்னால் போனது. இருபது நிமிஷம் அத்தனை சந்தோஷம்.

பாயைத் திருப்பி மறுபக்கம் சாயும்போதுதான் அடியில் ‘டொக்’ என்று கேட்டது. அடுத்த திருப்பத்திலும் ‘டொக்’. கீலைத் தாங்கும் பின் தேய்ந்து அது பக்கவாட்டில் ஆடினால் வரும் சத்தம் அது என்று இப்போது தெரிகிறது. கரைக்குத் திரும்ப வின்ச்சைச் சுற்றிக் கீலைத் தூக்கினேன். முக்கால்வாசி ஏறியிருக்கும், துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். கம்பிவடம் அறுந்துவிட்டது. கைப்பிடி சுழன்று மணிக்கட்டில் அடித்தது, எலும்பு விரிசல். கீல் மொத்தமாகக் கீழே விழுந்து படகின் உடம்பில் மோதியது. வடம் வெளியே போகும் குழாயின் ரப்பர் பிய்ந்து அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

மைத்துனன் சட்டையைக் கழற்றித் துவாரத்தில் அடைத்தான். பெரியவர் வத்தையைப் பக்கத்தில் அணைத்து, கயிற்றோடு குதித்தார். கீலுக்கு முன்னால் கயிற்றைச் சுற்றி, இரு முனையையும் பின்பக்கம் இரு ஓரமாக மேலே கொடுத்து, அங்கிருந்து இழுக்கச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் கீல் மேலே வந்தது. அப்படியே கட்டித்தான் கரை சேர்ந்தோம். அந்தப் பயிற்சிப் பையனின் பையில் இப்படி ஒரு கயிறு இருந்ததில்லை. இந்த ரகப் படகு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் பதினைந்து மீட்டர் கயிற்றை வின்ச்சுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வின்ச் சுற்றும்போது முகமும் கையும் கைப்பிடி சுழலும் பாதையில் இருக்கக் கூடாது.

கப்பலூரில் செயின் பிளாக் போட்டுப் படகைத் தூக்கிக் கீலைக் கழற்றினோம். கீலைத் தாங்கும் பின், நடுவில் கழுத்து மாதிரித் தேய்ந்து கிடந்தது. கீலில் அந்தப் பின் போகும் துளை சுமார் 25 மில்லிமீட்டர் வட்டமாக இருக்க வேண்டியது, 31 வரை நீளவாக்கில் விரிந்து முட்டை வடிவில் இருந்தது. அந்த இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்து மேலே சிவப்புப் பெயின்ட். பின்னைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுக்கும் சேர்த்து நாலு போல்ட். நாலும் சாதா இரும்பு. ஒன்றைச் சாவி போட்டதும் தலை தனியாக வந்துவிட்டது. தெரியாமல் நடந்த தவறில் புட்டி இருக்காது. யாரோ ஒருவர் அந்தத் துளையைக் கண்ணால் பார்த்து, இரண்டு உயிர் அதில் தொங்கப் போகிறது என்று தெரிந்தே பூசியிருக்கிறார். எனக்குப் பணத்தைவிட அதுதான் பொறுக்கவில்லை.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘உள்ளது உள்ளபடி விற்றது, ரசீதில் இருக்கிறது’ என்று ஒரு வரி வந்தது. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ரசீதில் அந்த வரி இருக்கிறது, உண்மை. 1996 என்பதும், ஐந்து நாள் பயிற்சி என்பதும் அதே ரசீதில்தான் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பயிற்சிக்குத் தனி ரசீது வாங்காததால் அந்தப் பகுதியை நிரூபிப்பது கொஞ்சம் கஷ்டம் என்றார் வக்கீல். ஆகவே பயிற்சிக்குத் தனியாக எழுதி வாங்குங்கள், எத்தனை நாள், எந்தத் தண்ணீரில், யார் வருவார் என்பதோடு.

மைத்துனன் துளையை வட்டமாகக் கடைந்து புஷ், அதாவது உள்வளையம், போட்டுவிட்டான். புதுப் பின்னும் தயார். பழைய பின், உடைந்த போல்ட், அறுந்த வடம், அந்தக் கிணற்று வடம் எல்லாவற்றையும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். கீலை இன்னும் ஏற்றவில்லை, செயின் பிளாக்கில் தொங்குகிறது. படகு வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் வாருங்கள். தேய்ந்த துளை எப்படி இருக்கும், நல்ல துளை எப்படி இருக்கும் என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.