ஆன்ட்ஸ் மதிப்பீட்டுத் தாள்: ஆபரேஷன் தியேட்டரில் எப்படி உதவுகிறது?

மயக்க மருந்துப் பயிற்சிக்கு வரும் நர்ஸ்களை மேற்பார்வையிடுவது என் வேலை. மூச்சுக்குழாயில் ட்யூப் போடத் தெரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கை சுத்தமாக வேலை செய்தும் ஒரு பிள்ளையைத் தனியாக விட மனம் வராதபோது, காரணம் சொல்லத்தான் தடுமாறுவோம். அதற்கு ஆன்ட்ஸ் (ANTS) தாள் உதவுகிறது. மயக்க மருந்து கொடுப்பவரின் கைத்திறன் அல்லாத மற்ற திறன்களை மதிப்பிடும் தாள் இது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் மயக்க மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கி 2003-இல் வெளியிட்டது. வேலையை ஒழுங்குபடுத்தல், குழுவோடு இயங்கல், சூழலைக் கவனித்தல், முடிவெடுத்தல் என நான்கு பிரிவுகள். அவற்றுக்குள் 15 கூறுகள். 1 முதல் 4 வரை மதிப்பெண். டாக்டர்களுக்காக எழுதியது, டென்மார்க்கிலும் நார்வேயிலும் நர்ஸ்களுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். நான் வைத்திருப்பது மூல வடிவம்.

இதில் எனக்குப் பிடித்தது, துணிந்து சொல்வதையும் ஒரு கூறாக வைத்திருப்பது. லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) வயிற்றில் கேஸ் ஏற்றியதும் இதயத் துடிப்பு சரசரவென இறங்கியது. ஒரு மாணவி மானிட்டரைப் பார்த்து "ரேட் குறையுது" என்று முணுமுணுத்தாள். யாருக்குச் சொன்னாள்? இன்னொரு நாள் அதே நிலையில் வேறொருத்தி, "சார், ரேட் 38. கேஸை இறக்குங்க" என்றாள், துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தும் கையில் தயாராக இருந்தது. கவனித்ததில் இருவரும் ஒன்றுதான். முதலாமவளிடம் தாளைக் காட்டி, குறை எங்கே என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது.

முடிவெடுத்தல் பிரிவுதான் தகராறு. சாதாரண ஆபரேஷனில் மாணவி என்ன முடிவெடுக்கப் போகிறாள்? முடிவு பெரும்பாலும் என்னுடையது. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால்தான் மதிப்பிட ஏதாவது கிடைக்கிறது. 'கவனிக்க வாய்ப்பில்லை' என்று குறிக்கத் தாளில் இடம் உண்டு. தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 3 போடுவது நம்மவர்களின் சோம்பேறித்தனம்.

ஆபரேஷன் நடக்கும்போது தாளை நிரப்பாதீர்கள். பேனாவைப் பார்த்ததும் பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த நோயாளி வருவதற்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசி நிரப்பினால் போதும்.

மதிப்பிடுபவருக்கும் பயிற்சி வேண்டும். ஒரே வீடியோவைப் பார்த்து நான் 2 போட்ட இடத்தில் சக மேற்பார்வையாளர் 4 போட்டிருந்தார். மாணவி அமைதியாக இருந்ததை நிதானம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பிரச்சினை அவள் கண்ணில் படவே இல்லை என்பது என் கணக்கு.