வீட்டுப் பிளக்கா, வெளிச் சார்ஜரா? கல்லடியிலிருந்து ஒரு மின்காரின் கணக்கு

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போக வர கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர். கார் 2016 நிசான் லீஃப், 30 கிலோவாட் மணி பற்றரி. புதிதில் முழுச் சார்ஜில் 170 கிலோமீற்றர் வரை ஓடியிருக்கும். இப்போது ஏசி போட்டால் 120 ஓடும். வாங்கும்போது எல்லோரும் கேட்ட கேள்வி, "எங்க சார்ஜ் பண்ணப் போறீங்க?" என்பதுதான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் பதில்: வீட்டில், இரவில், மெதுவாக. வெளிச் சார்ஜர் அவசரத்துக்கும் தூரப் பயணத்துக்கும் மட்டும்.

வெளிச் சார்ஜரின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். டிசி வேகச் சார்ஜரில் அரை மணித்தியாலத்தில் 80 சதவீதம் ஏறிவிடும், அதற்கு மேல் வேகம் குறையும். முன்னால் ஒரு கார் நின்றால் அரை மணி ஒரு மணியாகும். போவதற்கு முன் எந்தக் கன், அதாவது காரில் செருகும் முனை, இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் இருந்து வந்த லீஃபுக்கு சாடெமோ கன் வேண்டும். 2025இல் வாகன இறக்குமதி திறந்தபின் வந்த பிவைடி போன்றவற்றுக்கு சிசிஎஸ் 2. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது.

ஒருமுறை அம்பாறைக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் சார்ஜ் பண்ணலாம் என்று ஒரு நிலையத்துக்குள் திருப்பினேன். திரை கறுப்பாக இருந்தது. "காலையிலயிருந்து இப்பிடித்தான் சேர்" என்றார் காவலாளி. ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, களுவாஞ்சிகுடியில் மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 9 சதவீதம். அங்கே இரண்டரை மணித்தியாலம் பிளக்கில் போட்டுத்தான் கல்லடிக்கு வந்தேன். வழியில் இருக்கும் ஒரே ஒரு சார்ஜரை நம்பிப் புறப்படக்கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, வீட்டுக் கணக்கு. காரோடு வந்த கேபிளை 10 அம்பியரில் வைத்திருக்கிறேன். 230 வோல்டில் அது 2.3 கிலோவாட். 80 கிலோமீற்றர் ஓடியதை நிரப்ப, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 14 யூனிட் போகிறது. ஆறு மணித்தியாலம் போதும். இரவு 10.30க்குத் தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது வேலை முடிந்திருக்கும்.

ஆனால் இதெல்லாம் வீட்டு வயரிங் ஒழுங்காக இருந்தால்தான். மின்கார் வாங்க நினைப்பவர்கள் காரின் பற்றரியைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வீட்டு எர்த்தை, அதாவது கசியும் கறண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பைப் பாருங்கள் என்று சொல்வேன்.

முதல் மாதம் விறாந்தையில் இருந்த சாதாரண 13 அம்பியர் பிளக்கில்தான் போட்டேன். மின் கேத்திலுக்கு ஐந்து நிமிடம் கறண்ட் கொடுப்பது வேறு, ஆறு மணித்தியாலம் தொடர்ந்து கொடுப்பது வேறு. மூன்றாவது கிழமை பிளக்கைக் கழற்றியபோது கை சுட்டது. வலப்பக்கத் துளையைச் சுற்றி தேத்தண்ணீர் கறை மாதிரி மண்ணிறம். உள்ளே பிடி தளர்ந்து, பிளாஸ்டிக் இளகத் தொடங்கியிருந்தது. அன்றே நிறுத்திவிட்டு, மெயினில் இருந்து ஏசிக்கு இழுப்பதுபோல் தடித்த வயரில் தனி லைன் இழுத்தோம். அதற்கென்று தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், 15 அம்பியர் பிளக் பேஸ்.

அப்புறம் ஆவணியில் வேறொரு தொல்லை. கேபிளின் பெட்டியில் சிவப்பு விளக்கு, கார் சார்ஜ் எடுக்க மறுத்தது. மழை நாளில் எடுக்கும், காய்ந்த நாளில் எடுக்காது. கேபிள் பழுது என்று நினைத்தேன். வயரிங் ஐயா வந்து சுவரோரம் எர்த் கம்பியைக் காலால் தட்டினார். அது ஆடியது. "காஞ்ச மணலுக்குள்ள நிண்டா இதென்ன எர்த் மனே? கிணத்தடிக்குக் கொண்டு போவம், மறுகா பாரு" என்றார். கல்லடி முழுக்கக் கடற்கரை மணல். வெயில் காலத்தில் மேல் மண் வறண்டால் எர்த் தடை ஏறிவிடும். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது. மின்காரின் கேபிளோ, எர்த்தைச் சோதித்த பிறகுதான் கறண்டை விடும். கிணற்றடி ஈரத்தில் நீளமான கம்பி இரண்டை இறக்கி, ஒன்றோடொன்று இணைத்து, மீற்றர் வைத்து அளந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் சிவப்பு விளக்கு எரியவில்லை. உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பிடிப்பதால், மாரிக்கு முன் ஒருமுறை கழற்றித் துடைத்து இறுக்குகிறேன். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான்.

சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் பெட்டி வேண்டுமா? அது 32 அம்பியர் இழுக்கும். வீடுகளுக்குச் சாதாரணமாக இருப்பது 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு. அதைவிடப் பெரிய இணைப்பு எடுக்க வேண்டும், அல்லது பெட்டியின் அம்பியரைக் குறைத்து வைக்க வேண்டும். என் கார் வீட்டுக் கறண்டில் 3.3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது என்பதால் எனக்கு அது வீண் செலவு. பெரிய பற்றரியோடு புதிய கார் வாங்கி, தினமும் 150 ஓடுபவருக்கு அது தேவைப்படும்.

பில்லையும் மறைக்கவில்லை. வேலை நாட்களுக்கு மட்டும் மாதம் 300 யூனிட் கூடுகிறது. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் 180 யூனிட்டைத் தாண்டினாலே மேல்படி விலை. நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாற முடிந்தால் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை, மாலை 6.30 முதல் 10.30 வரை கூடிய விலை. வேலையால் வந்ததும் பிளக்கில் போடும் பழக்கம் அங்கே கையைச் சுடும். கூரையில் சோலார் வைத்த கூட்டாளிகள் தங்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்கிறார்கள். என் கூரையில் இல்லை என்பதால் அவர்கள் சொல்வதாகவே இதை எழுதுகிறேன்.

கொழும்புக்கு இந்தக் காரில் நான் போனதில்லை. 300 கிலோமீற்றருக்கு மேல். என் பற்றரிக்கு வழியில் மூன்று தடவையாவது நிற்க வேண்டிவரும். லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயிலில் வேகச் சார்ஜை அடுத்தடுத்துக் கொடுத்தால் சூடேறி, சார்ஜ் ஏறும் வேகம் குறையும். நான் ரயிலில்தான் போகிறேன். அந்தப் பாதையில் அடிக்கடி ஓடுபவர் என் பேச்சைவிட அங்கே ஓடியவர்களின் பேச்சைக் கேட்பது நல்லது.

வாடகை வீட்டுக்காரருக்கும், காத்தான்குடி ஒழுங்கைகளில் வாசலோடு தெரு முடியும் வீட்டுக்காரருக்கும் என் வழி சரிவராது. தெருவுக்குக் குறுக்கே கேபிளைப் போடாதீர்கள்; பிள்ளைகள் சைக்கிளில் ஓடும் இடம். வேலைத்தலத்தில் ஒரு 15 அம்பியர் பிளக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பகல் எட்டு மணித்தியாலம் கார் சும்மா நிற்கும் இடம் அது. கிடைத்தால், அங்கேயும் எர்த்தை அளந்துவிட்டே செருகுங்கள்.